மேல்மாடிக் குசினியின் புகை

அத்தியாயம் 3

உதுமாலெவ்வை காக்கா எழும்பிப் போய் ஒரு நிமிடமாகியும் அவர் இருந்த ஆடுகதிரை நின்றபாடில்லை. மனிதர் தன் கோபத்தில் பாதியை அதிலேயே இருத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

“முஸ்தாக், அந்தக் கதிரையப் பிடி. அது பாட்டுக்கு ரோட்டுக்குப் போயிரும்,” என்றார் மிஸ்.

மிஸ் என்றால் றஞ்சிதமலர் மிஸ். காணிப் பதிவுக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு அடுக்கியவர். ஓய்வு பெற்ற மறுநாளே கை சும்மா இருக்க மறுத்ததால், மருதடிமுனையில் யாராவது எதையாவது ஒளித்தால் அதைக் கண்டுபிடிப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். நான் முஸ்தாக். அவருடைய உதவியாளன் என்று நான் சொல்லிக்கொள்வேன். ஓட்டோக்காரன் என்று அவர் சொல்லிக்கொள்வார். இரண்டிலும் பொய் இல்லை.

வழக்கு இதுதான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே மகளைப் பெற்றவர்கள் வீட்டையும் கட்டியாக வேண்டும். உதுமாலெவ்வை காக்காவுக்கு ஒரே மகள், பஸ்மிலா. ‘கீழ் வீட்டை நீ எடு, நாங்கள் பின்னறைக்குப் போகிறோம்’ என்றால் அந்தப் பிள்ளை அழுகிறது. பின்னால் வளவு இல்லை, முன்னால் ஒழுங்கை, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டு மதில். மிச்சம் இருந்தது ஆகாயம்தான். அதில் ஒரு மாடி கட்டுவோம் என்று தீர்மானித்தார்கள்.

ஆகாயத்தில் கட்டுவதற்கும் நகரசபையின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் கொடுத்து ஏழு மாதம் ஒரு குருவி கூட எட்டிப் பார்க்கவில்லை. போன வாரம் திடீரென்று ஜீப்பில் வந்தார்கள். நாடா பிடித்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், கோப்பில் ‘ஆட்சேபணை தீரும்வரை ஒத்திவைக்கவும்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள்!

இன்று வியாழக்கிழமை. பிற்பகல் இரண்டு மணிக்குத் திட்டமிடல் குழு கூடுகிறது. இதை விட்டால் இரண்டு மாதம் கழித்துத்தான். மாப்பிள்ளை றிப்தியின் உம்மா இரண்டு தரம் நாள் தள்ளிக் களைத்துப் போனவர். “இண்டைக்கு அனுமதிப் பேப்பரக் கண்ணால கண்டா நிக்காஹ். இல்லாட்டி நான் வேற எடம் பாக்கன்,” என்று சொல்லி அனுப்பியிருந்தார். றிப்தி சாப்பிடுவதில்லை, பஸ்மிலா தூங்குவதில்லை. காக்கா இரண்டும் செய்வதில்லை.

அது போதாதென்று நேற்று அசர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்னால் நின்று சத்தியம் வேறு பண்ணிவிட்டார். “வல்லாஹி! இத எழுதின ஆள் என்ட வீட்டு வாசப்படிய மிதிக்கப்படா!” சொல்லும்போது அவர் கண் நேராகப் போய் நின்ற இடம், மேற்கு வீட்டு மசூர் ஹாஜியாரின் முகம். ஹாஜியார் செருப்பை மாட்டிக்கொண்டு போனாராம்.

“கடிதத்தப் படி,” என்றார் மிஸ்.

சபை கொடுத்த பிரதி என் கையில் இருந்தது. காக்கா அதில் முதல் வரிக்கு மேல் படிக்கவில்லை. இரத்தக் கொதிப்பு விடவில்லையாம். நான் சத்தமாகப் படித்தேன்.

‘பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு. ஐஸ்வாடி ஒழுங்கையில் உதுமாலெவ்வை என்பவரின் வீட்டுக்கு மேலே மாடி கட்டப்போவதாக அறிகிறோம். தென்மேற்கு மூலையில் வரும் குசினியின் புகை கச்சான் காலத்தில் மேற்கு வீட்டாருக்குப் போய் இருமல் உண்டாகும். தயவுசெய்து உடனே வந்து பார்வையிடவும். இடப்பக்கம் மூன்றாவது வீடு. ஒழுங்கை முகப்பில் மழைத்தண்ணி நிற்பதால் பள்ளிவாசல் பக்கத்தால் வரவும். பச்சை கேட். கொஞ்சம் தூக்கித் தள்ளவும். எவ்வளவு சுருக்காக வந்து அளக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. உடனே வரவும். இப்படிக்கு, நலன்விரும்பி.’

“எதிரி எண்டாலும் மரியாதையான எதிரி மிஸ். ஐயாமாருட சப்பாத்து நனையாம வழி சொல்லியிரிக்கார்.”

“இதுல ஒரு சொல் இல்ல. கவனிச்சயா?”

“கையெழுத்தா?”

“அது ஒரு மொட்டைக் கடிதத்திலயும் இல்ல. யோசி.”

நான் யோசித்தேன். யோசிப்பது எனக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. “பேசாம நீங்களே சொல்லிருங்களன்.”

“ஓட்டோவ எடு,” என்றார் மிஸ். இதுதான் அவர் எனக்குத் தரும் வழக்கமான விளக்கம்.

மசூர் ஹாஜியார் தன் வாசலில் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் பரப்பிவைத்து, எந்த ஆணி எங்கே இருந்தது என்று தேடிக்கொண்டிருந்தார். எழுபது வயது, மெலிந்த உடம்பு, நல்ல கண்.

“வாங்க மிஸ். குற்றவாளியத் தேடி ரொம்பத் தூரம் போகத் தேவல்ல. ஊர் முடிவெடுத்திட்டு, நான்தான்.”

“ஊர் கிடக்கட்டும் ஹாஜியார். நீங்க எழுதினீங்களா?”

“அண்டைக்கு அளக்க வந்த ஐயா கடிதத்த எனக்குக் காட்டினார். மேற்கு வீட்டுக்காரன் நான்தானே. படிச்சிட்டுச் சிரிச்சன். கச்சான் எந்தப் பக்கமிருந்து வாற காத்து?”

“மேற்கால,” என்றேன் நான். இது கூடத் தெரியாவிட்டால் எங்கள் ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

“மேற்கால வந்து எங்க போகும்? கடலுக்கு. நான் அவருக்கு மேற்கில இரிக்கன். கச்சானில அவருட குசினிப் புகை எனக்கெப்பிடி வரும்? இருமல் வந்தா மீனுக்குத்தான் வரும். நான் எழுதியிருந்தா எனக்குப் படுற மாதிரி எழுதியிருக்கமாட்டனா?”

மிஸ் தலையை ஆட்டினார். “பச்சை கேட்டால போவீங்களா நீங்க?”

“அந்தக் கேட்டயா? அதத் தொட்டு முப்பது வருஷம்.” ஹாஜியார் மதிலைக் காட்டினார். நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கடப்பு இருந்தது. “இதாலதான் போக்குவரத்து. நோன்புக் கஞ்சி அங்கால போகும், ரொட்டி இஞ்சால வரும். நேத்தைக்குப் பொறகு அதுவும் இல்ல.” விசிறியின் இறக்கையை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார். “முப்பது வருஷம் மிஸ். ஒரு வார்த்த கேட்டிரிக்கலாம் அவர்.”

பேச்சை மாற்ற ஏதாவது கேட்க வேண்டுமே என்று, “உங்களுக்கும் இப்பிடி ஒரு கடிதம் வந்த எண்டு ஒழுங்கையில கதைச்சாங்க ஹாஜியார்?” என்றேன்.

“ஓம். பழைய வேலிய எடுத்திட்டு இந்த மதிலக் கட்ட விண்ணப்பம் போட்டு பதினொரு மாசம் கெடந்திச்சி. மூணு வருஷத்துக்கு முந்தி. எவனோ மொட்டைக் கடிதம் போட்டான். அடுத்த நாளே ஜீப்!”

“யார் போட்ட?”

“அல்லாஹ் அறிவான்,” என்று சொல்லி ஹாஜியார் விசிறிக்குள் தலையை விட்டார். தோள் இரண்டும் குலுங்கின. பாவம், அழுகிறார் என்று நினைத்தேன். மிஸ் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு எழுந்தார்.

காரைதீவில் வினோஜ் தம்பியின் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி. வீட்டுப் பிளேன் கீறிக் கொடுப்பது அவன் தொழில். எங்களைக் கண்டதும் கணினியை மூடப் பார்த்தான்.

“திறந்தே இருக்கட்டும் மகன்,” என்றார் மிஸ். “உதுமாலெவ்வை காக்காட மாடிப் பிளேன். அதுதான் பாக்க வந்தனாங்க.”

திரையில் பிளேன் விரிந்தது. மண்டபம், இரண்டு அறை, குளியலறை. மிஸ் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். தென்மேற்கு மூலைக்கு வந்ததும் விரல் நின்றது.

“இது என்ன?”

“களஞ்சிய அறை, மிஸ்.”

“களஞ்சிய அறைக்கு எதுக்குத் தண்ணிக்குழாய்?”

வினோஜ் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

“நெல்லு விடாய்ச்சா குடிக்கவாக்கும்,” என்றேன்.

“மிஸ், அது குசினிதான்,” என்று வினோஜ் கையெடுத்துக் கும்பிட்டான். “ரெண்டாவது குசினி கீறினா ரெண்டாவது வீடா எண்டு சபையில கேள்வி வரும், இன்னும் இழுபடும் எண்டு காக்கா பயந்தார்.”

“அவர் பயந்தாரா, நீ பயந்தயா?”

“ரெண்டு பேரும் சேந்து பயந்தம்.”

“கடதாசியில எங்கயாவது குசினி எண்டு இரிக்கா?”

“ஒரு இடத்திலயும் இல்ல மிஸ். எனக்குத் தெரியும், காக்காவுக்குத் தெரியும், அவருட வீட்டம்மாவுக்குத் தெரியும். இந்த மூலதான் வேணுமெண்டு கையக் காட்டினதே அவதான்.”

மிஸ் பிளேனின் அடி மூலையில் இருந்த சின்னக் கட்டத்துக்குள் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தார். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார். ஒருவர் மறந்துபோன கோப்பை அலமாரிக்குப் பின்னால் கண்டெடுத்தால் சிரிக்கும் சிரிப்பு அது.

“இதில ஒரு பிரதி எனக்குத் தா. உனக்கு ஒரு வேலையும் இரிக்கு. களஞ்சியத்தக் குசினி எண்டு ஒழுங்காக் கீறு. புகைக்கூட்டக் கடல் பக்கம் வை. ரெண்டு மணிக்கு முன்ன சபை வாசல்ல நிக்க வேணும்.”

“மாட்டிக்குவன் மிஸ்.”

“பொய்யோட போனாத்தான் மாட்டுவாய். உண்மையோட போனா ஏச்சு மட்டும்தான்.”

ஓட்டோ புறப்பட்டதும் நான் வாய் திறந்தேன். “இதுல என்ன துப்பு இரிக்கு மிஸ்? மகள்ட வீடு எண்டா தனிக் குசினி இல்லாம இரிக்குமா? ஊருக்கே தெரியும். நானும் கடிதத்துல குசினி எண்டு படிச்சன், ஒண்டும் வித்தியாசமாத் தெரியல்ல.”

“அதுதான் எல்லாருக்கும் பட்ட பிழை. குசினி வரும் எண்டு ஊருக்குத் தெரியும். தென்மேற்கு மூலையில வரும் எண்டு ஊருக்குத் தெரியுமா?”

நான் பிரேக் போட்டேன். பின்னால் வந்த மீன் லொறிக்காரர் என் வாப்பாவை விசாரித்துவிட்டுப் போனார்.

“அப்ப வினோஜ்!”

“தான் செய்த கள்ளத்தத் தானே எழுதிக் காட்டுவானா?”

“அப்ப... காக்காவா? தானே எழுதிட்டு எங்களயும் கூப்பிட்டாரா?”

“எழுதின ஆள் வாசப்படி மிதிக்கப்படா எண்டு சத்தியம் பண்ணினவர். ராவைக்குப் படுக்க வீடு வேணாமா அவருக்கு?”

மூன்றில் இரண்டைக் கழித்தால் ஒன்று. நான் அந்த ஒன்றை நினைத்துப் பார்த்தேன். எனக்குப் பெருநாளைக்கு முதல் தட்டு வட்டிலப்பம் தருகிற கை அது.

“இல்ல மிஸ். சபியா உம்மா ராத்தாவா? மகள்ட கலியாணத்தயா குழப்புவாங்க?”

“குழப்ப எழுதின கடிதமா அது? இப்பயாவது சொல்லு, அதுல என்ன சொல் இல்ல?”

நான் கடிதத்தை மனதுக்குள் மறுபடி ஓட்டினேன். வரவும், வரவும், அளக்கவும், உடனே வரவும். “யா அல்லாஹ்! கட்ட விடாதீங்க எண்டு ஒரு இடத்திலயும் இல்ல!”

“அப்பாடா,” என்றார் மிஸ். “இப்ப ஓட்டோவ எடு.”

பச்சை கேட்டை நான் தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்தேன், காலைக் கொடுத்தேன். மூன்றாவது முயற்சிக்கு பிஸ்மி சொல்லிக்கொண்டிருந்தபோது மிஸ் என்னை விலக்கிவிட்டு, இரண்டு விரலால் கேட்டைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு திறந்தது.

“இந்த வீட்டுக்கு நீங்க முன்ன வந்ததே இல்லையே மிஸ்!”

“கடிதத்துல வழி இரிந்திச்சே. இந்தக் கேட்டோட தினமும் மல்லுக்கட்டுற ஆளுக்குத்தான் அத எழுதத் தோணும்.”

காக்கா ளுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். சபியா உம்மா கதவடியில் நின்றார். மிஸ்ஸின் கையில் கடிதப் பிரதியைக் கண்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“வழி நல்லா எழுதியிரிக்கிங்க சபியா உம்மா,” என்றார் மிஸ். “சப்பாத்தில சேறு படாம வந்து சேந்தம்.”

அவ்வளவுதான். அவர் அழத் தொடங்கினார். அழுகையின் நடுவே ஒரு சிரிப்பும் வெடித்துக்கொண்டு வந்தது.

“ஓம் மிஸ், நான்தான்! ஏழு மாசம் மிஸ்! மகள் வாசலப் பாத்துப் பாத்து மெலிஞ்சி போனாள். இவர் கந்தோருக்குப் போவார், நாளைக்கு வா எம்பாங்க, வருவார். ஹாஜியார்ட மதிலுக்கு மொட்டைக் கடிதம் போன அண்டைக்கு நான் பாத்தன். அடுத்த நாளே ஜீப் வந்திட்டு! விண்ணப்பத்துக்கு வராத ஐயாமார் மொட்டைக் கடிதத்துக்கு ஓடி வாறாங்க. அப்ப நாமளும் ஒண்டு போட்டா என்ன எண்டு நெனச்சன்.”

“வந்தாங்கதானே,” என்றேன்.

“வந்தாங்க மகன்! நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, உள்ளுக்குள்ள துள்ளிட்டு இரிந்தன். போகக்குள்ள ஒத்திவச்சிட்டுப் போவாங்க எண்டு ஆருக்குத் தெரியும்?”

“காக்காவுக்கிட்ட உடனே சொல்லியிரிக்கலாமே?”

“சொல்லத்தான் இரிந்தன். அதுக்குள்ள அவர் பள்ளியில சத்தியம் பண்ணிட்டு வந்து நிக்கார். அவர் சொன்ன சொல் மாறாத மனுஷன். நான்தான் எண்டா நான் எங்க போற? என்ட புள்ளட நிக்காஹ ஒழுங்கையில நிண்டு எட்டிப் பாக்கவா?” குரல் உடைந்தது. “ஹாஜியார்ட முகத்தப் பாக்கேலாம இரிக்கு மிஸ். பழி அவருக்குப் போயிட்டு. நான் கடப்பால பாக்கக்குள்ள அவர் திரும்பி இரிந்தார்.”

“இப்ப திரும்பித்தான் இரிக்கன், இந்தப் பக்கமா,” என்றது மதிலிலிருந்து ஒரு குரல்.

மசூர் ஹாஜியார் கடப்பில் நின்றுகொண்டிருந்தார். கையில் இன்னும் விசிறி இறக்கை. அதே நேரம் பச்சை கேட் தூக்கித் தள்ளப்படும் சத்தமும் கேட்டது. தொழுதுவிட்டு வந்த உதுமாலெவ்வை காக்கா நடுமுற்றத்தில் நின்று எங்கள் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆள் ஆப்பிட்டாச்சா மிஸ்?”

நான் ஓட்டோவில் ஏதோ மறந்துவிட்டதாகச் சொல்லி நழுவப் பார்த்தேன். மிஸ் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். சபியா உம்மா முந்தானையை எடுத்துவிட்டு நேராக நின்றார்.

“நான்தான் பஸ்மிலாட வாப்பா. ஐயாமார் சுருக்கா வரட்டும் எண்டு எழுதினன்.”

காக்கா முதலில் மனைவியைப் பார்த்தார். பிறகு ஹாஜியாரைப் பார்த்தார். முகம் கறுத்து, சிவந்து, கடைசியில் வெளிறிப் போனது. நடந்து போய் ஹாஜியாரின் இரண்டு கையையும், விசிறி இறக்கையோடு சேர்த்து, பிடித்துக்கொண்டார்.

“ஹாஜியார். நான் என்ன கதச்சிட்டன். என்ன மன்னிச்சிருங்க.”

“கையப் பாத்துப் பிடிங்க, எறக்க வெட்டிரும்,” என்றார் ஹாஜியார். ஆனால் கையை எடுக்கவில்லை. அவர் கண்ணும் நனைந்திருந்தது.

காக்கா படியில் தொப்பென்று உட்கார்ந்தார். “நான் வல்லாஹி போட்டிட்டன் மிஸ். அவ்வளவு பேருக்கு முன்னால. இவள எப்பிடி வீட்ட விட்டு அனுப்புற? அனுப்பாட்டி சத்தியம் என்னாகிற?”

“என்ன சத்தியம் பண்ணினீங்க? சொல்லுப் பிசகாமச் சொல்லுங்க.”

“எழுதின ஆள் என்ட வீட்டு வாசப்படிய மிதிக்கப்படா எண்டு.”

“உங்கட வீடு எங்க இரிக்கு காக்கா?”

“என்ன மிஸ் கேள்வி? இதுதானே!”

மிஸ் பிளேனை விரித்து அடி மூலையில் இருந்த சின்னக் கட்டத்தைக் காட்டினார். காக்கா குனிந்து, மூக்குக் கண்ணாடியைத் தேடி, கிடைக்காமல், எட்டிப் பிடித்து வாசித்தார். “காணிச் சொந்தக்காரர்... ஆதம்பாவா சபியா உம்மா.”

“உங்கட மாமி தன்ட மகளுக்குச் சீதனமாக் குடுத்த வளவும் வீடும். அந்தக் காணி உறுதியப் பதிஞ்ச கோப்ப நான்தான் அலமாரியில அடுக்கினன். முப்பது வருஷத்துக்கு முந்தி நீங்க மாப்பிள்ளையா வந்து ஏறின வாசப்படி இது. அது அண்டைக்கும் அவடது, இண்டைக்கும் அவடது.” மிஸ் பிளேனைச் சுருட்டினார். “நீங்க சத்தியம் பண்ணின வாசப்படி உங்களிட்ட இல்ல காக்கா. இல்லாத படிய ஆர் மிதிக்கிற?”

காக்கா தான் உட்கார்ந்திருந்த படியைத் தடவிப் பார்த்தார். பிறகு மெல்ல எழும்பி நின்றுகொண்டார். இருந்தது அடுத்தவர் படி என்று அப்போதுதான் உறைத்ததோ என்னவோ!

ஹாஜியார் விழுந்து விழுந்து சிரித்தார். “உதுமாலெவ்வை, மனசுக்குள்ள அப்பவும் குறுகுறுத்தா பத்து ஏழைக்குச் சாப்பாடு குடுத்துருங்க. சத்தியத்துக்குப் பரிகாரம் அதுதானே.”

“இருவது பேருக்குக் குடுக்கன் ஹாஜியார். ஆனா ஆட்சேபணை? மணி ஒண்டாகிட்டு. மொட்டைக் கடிதத்த ஆர் வாபஸ் வாங்குற?”

“அதுதான் சபியாவுக்குத் தெரியாமப் போன பாதி,” என்றார் ஹாஜியார். சிரிப்பை அடக்கி, தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “இது ரெண்டு கடித வேல புள்ள. முதலாவது, ஐயாமாரக் கூப்பிட. அவங்க வந்து அளந்துட்டுப் போன அண்டைக்கு அந்தியிலேயே ரெண்டாவது போகணும். ‘வந்து பார்த்தீர்கள், திருப்தி, எனக்கு இனி ஆட்சேபணை இல்லை’ எண்டு. நீங்க ஒண்டோட நிப்பாட்டிட்டிங்க.”

நான் அவரை வாய் பிளந்து பார்த்தேன். “இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும் ஹாஜியார்?”

“பின்ன என்ட மதிலுக்கு மொட்டைக் கடிதம் எழுதின ஆர் எண்டு நெனச்ச?” என்றார் மசூர் ஹாஜியார்.

விசிறிக்குள் தலையை விட்டு அவர் குலுங்கியது அழுகையில்லை. மிஸ் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவருக்கு அது காலையிலேயே தெரிந்திருக்கிறது! பாவம் என்று நினைத்தது நான் மட்டும்தான்.

“ஆனா ரெண்டாவது கடிதத்தில பேர் இருக்க வேணும்,” என்றார் மிஸ் கண்டிப்பாக. “இந்த ஒழுங்கையில மொட்டைக் கடிதம் இண்டையோட முடியட்டும். எழுதுங்க சபியா உம்மா.”

ஒரு மணி நாற்பதுக்கு என் ஓட்டோவில் மிஸ், காக்கா, ராத்தா, ஹாஜியார் என்று நாலு பேர். ஹாஜியாரின் மடியில் விசிறி இறக்கை. அவசரத்தில் அதை வைக்க மறந்துவிட்டார். பொலிஸ்காரர் ஒருவர் மறித்து, உள்ளே எட்டிப் பார்த்து, “கலியாண வீடா?” என்றார்.

“இன்ஷா அல்லாஹ்!” என்று நாலு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். மிஸ்ஸின் குரல்தான் எல்லாவற்றையும் விடப் பெரிது. பொலிஸ்காரர் மிரண்டு வழிவிட்டார்.

சபை வாசலில் வினோஜ் புதுப் பிளேனோடு வேர்த்து நின்றான். குழுவின் தலைவர் கடிதங்களை வாங்கி மேசையில் வைத்து, குரல் மாறாமல் வாசிக்கத் தொடங்கினார். “ஆட்சேபித்தவர், வீட்டுச் சொந்தக்காரர். ஆட்சேபணை, தன் மகளின் குசினிப் புகை அயலவரை இருமச் செய்யும் என்பது. அயலவர்...”

“இருமல்ல ஐயா,” என்றார் ஹாஜியார். “கையெழுத்தும் வச்சித்தந்திரிக்கன்.”

“தீர்வு, புகைக்கூடு கடலை நோக்கி மாற்றப்பட்டுள்ளது. ஆட்சேபித்தவர் தன் வீட்டின் மீதான தன் ஆட்சேபணையைத் தானே வாபஸ் பெறுகிறார்.” இந்த இடத்தில் தலைவரின் குரல் மாறிவிட்டது. கடதாசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கடதாசி குலுங்கியது. பக்கத்திலிருந்த உத்தியோகத்தர் மேசைக்குக் கீழே பேனையைத் தேடப் போனவர் நெடுநேரம் வரவில்லை. வினோஜுக்குக் களஞ்சியத்துக்காக ஒரு நல்ல ஏச்சு விழுந்தது. அதற்குப் பிறகு முத்திரை விழுந்தது.

காக்கா அந்தக் கடதாசியைப் படம் எடுத்து றிப்தியின் உம்மாவுக்கு அனுப்பினார். மூக்குக் கண்ணாடி இல்லாததால் முதல் படத்தில் என் காது மட்டும்தான் இருந்தது. இரண்டாவது சரியாகப் போனது. பதில் வர ஒரு நிமிடமாகியது. அந்த நிமிடம் முழுக்க வினோஜோடு சேர்த்து ஆறு பேரும் அந்தச் சின்னத் திரையில் தலையை முட்டிக்கொண்டு நின்றோம்.

‘அல்ஹம்துலில்லாஹ். ஞாயிறு வந்து நாள் வைப்பம்.’

சபியா உம்மா மிஸ்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் ஹாஜியாரைக் கட்டிப்பிடித்தேன். இறக்கை குத்தியது.

ஒழுங்கைக்குத் திரும்பியபோது வெயில் தணிந்திருந்தது. ஹாஜியார் தன் வீட்டுக்குப் போய், கடப்பால் நுழைந்து, எங்களுக்கு முன்னமே உள்ளே போய் நின்றார். சபியா உம்மா பச்சை கேட்டைத் தூக்கித் தள்ளி உள்ளே போனார். அது தானாகவே திரும்பச் சாத்திக்கொண்டது. உதுமாலெவ்வை காக்கா வெளியே நின்றார். தொப்பியைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார்.

“சபியா.”

“என்ன?”

“நான் உள்ளுக்கு வரலாமா?”

உள்ளே பஸ்மிலா அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது. அதன் பிறகு சபியா உம்மாவின் குரல் வந்தது.

“எனக்கு ஆட்சேபணை இல்ல. கேட்டக் கொஞ்சம் தூக்கித் தள்ளுங்க.”